ஒரு துளி போதும் என்றார்கள்

ஜூன் 6, வியாழன்

இது அலுவலகத்துக்கு எழுதும் நாட்குறிப்பு அல்ல. எந்த ஊரில் எந்தப் புல எண்ணை அளந்தேன் என்று மாதாமாதம் எழுதித் தாசில்தாருக்குக் கொடுப்பது நில அளவையர் வேலையில் ஒரு பகுதி. பதினோரு வருடமாக அதில் பாதி உண்மையும் பாதி கற்பனையுமாக எழுதி வருகிறேன். இப்போது ஆஸ்பத்திரி நாற்காலியில் சும்மா உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று காலை பெண் குழந்தை பிறந்தது. எட்டு மாதம்கூட முடியவில்லை. ஆயிரத்து நூற்று எண்பது கிராம். ஜெசிந்தாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. வலிப்பு வந்துவிடும் என்று அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவள் இரண்டாம் மாடியில். பாப்பா நான்காம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு. லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். இன்று மட்டும் பதினேழு தடவை படி ஏறி இறங்கியிருக்கிறேன். எண்ணுவது தொழில் புத்தி.

உதவிக்கு ஆள் இல்லை. நான் இந்து, அவள் ஆர்.சி. கிறிஸ்தவள். நான்கு வருடம் முன்பு பாளையங்கோட்டை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். உவரிப் பக்கம் கடற்கரையில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் அவள் அப்பா மரியதொம்மை, "எனக்குப் பிள்ளை ரெண்டுல ஒண்ணு கொறஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். என் பக்கம் அக்கா ஒருத்தி. திருநீறு கொடுத்தனுப்பினாள். ஜெசிந்தா அதைத் தலையணைக்கு அடியில் ஜெபமாலையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "அதுவும் கெடக்கட்டும்" என்றாள்.

ஜூன் 7, வெள்ளி

பஞ்சு, டயப்பர், ஏதோ ஊசி மருந்து. ஒவ்வொரு சீட்டுக்கும் கீழ்த் தளத்து மருந்துக்கடைக்கு ஓட்டம்.

"இவளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துரணும்" என்றாள் ஜெசிந்தா.

ஐந்தாம் மாதத்திலேயே இந்த ஞானஸ்நான விஷயத்தில் எங்களுக்கு ஒரு சண்டை நடந்திருக்கிறது. பிள்ளை வளர்ந்து அதுவே முடிவு பண்ணட்டும் என்பது என் கட்சி. அன்றைக்கு நன்றாக வாயடித்தேன். இன்றைக்கு "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

"பாக்கலாம்னா?"

"ஏற்பாடு பண்ணுதேன்னு அர்த்தம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளைக்குப் பேர் முதற்கொண்டு தயாராக இருக்கிறதாம்: பெர்னதெத். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கையில் வந்தது, வாயில் வரவில்லை.

ஜூன் 8, சனி

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆர்.சி. கோயில். பங்குச்சாமி லூர்து ரெக்ஸ் தியானத்துக்குப் போயிருக்கிறார், செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றார் உபதேசியார். சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். சிலுவைராயன் என்று பெயர். சட்டைப் பையில் மூன்று பேனா.

அவர் ஒரு நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். தாயின் திருமுழுக்குச் சான்றிதழ், அதுவும் அவள் பிறந்த பங்கிலிருந்து புதிதாக வாங்கியது. ஞானத்தாய், ஞானத்தகப்பன் இரண்டு பேருக்கும் உறுதிபூசுதல் என்கிற சடங்கு ஆனதற்குச் சான்று. பெற்றோருக்கு இரண்டு வகுப்பு. கோயிலில் தாலி கட்டாதவர்கள் என்றால் அதற்குத் தனியாக ஒரு பேச்சு. பட்டா மாறுதலுக்கு வருகிறவர்களிடம் நான் இதே குரலில்தான் வாசிப்பேன். அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று இன்றைக்குத்தான் உள்ளிருந்து தெரிந்தது.

"பாப்பா இன்குபேட்டர்ல இருக்கு" என்றேன்.

நோட்டை மூடிவிட்டார். "அத மொதல்ல சொல்லணும்லா? உயிருக்கு ஆபத்துன்னா ஒரு பேப்பரும் வேண்டாம். யாரு வேணாலும் ஊத்தலாம்."

"யாருன்னா?"

"நீங்ககூட."

"நான் இந்து."

"தண்ணி இந்துவா என்ன? தண்ணி தலையில படணும், வார்த்தையச் சொல்லணும். திருச்சபை என்ன நெனச்சுச் செய்யுதோ, அத நெனச்சுக்கிட்டுச் செய்யணும். அவ்வளவுதான்."

"நம்பிக்கை இல்லாதவன் செஞ்சா?"

"ஒங்க நம்பிக்கைய யாரு கேட்டா? நெனப்பத்தான் கேக்கோம்." வாசல் வரை வந்து வழியனுப்பினார். "ஆனா ஒண்ணு. சாகக் கெடக்குற பிள்ளைக்குத்தான் இப்படி. நல்லாருக்குற பிள்ளைக்கு இல்ல."

நல்ல மனுஷர். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நுரையீரலில் ரத்தம் கசிகிறது. "இன்னைக்குப் பொழுது தாண்டட்டும் சார்" என்றார்.

ஜெசிந்தாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மாத்திரை வாங்கிய காகித உறையைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். "பெர்னதெத், தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்."

"தந்தைன்னு சொல்லும்போது ஒருக்க, மகன்னு சொல்லும்போது ஒருக்க, தூய ஆவியார்னு சொல்லும்போது ஒருக்க ஊத்தணும். தோல்ல படணும். துணியில பட்டாச் செல்லாது. திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

பாப்பா இருக்கும் அறைக்குள் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் அனுமதி, காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும், பத்து நிமிடம். ஐந்து மணிக்குக் கை கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் நர்ஸ் நூர்ஜகான் ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "ஒவ்வொரு துளி போதும் சார். நனையக் கூடாது, உடம்புச் சூடு எறங்கிரும்." சொல்லிவிட்டு, எங்களுக்குத் தனிமை கொடுக்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டார்.

பத்து நிமிடம் ஆனதும் வெளியே வந்தேன். கீழே போய் ஜெசிந்தாவிடம் முடிந்தது என்று சொன்னேன். என் கையை இழுத்து உள்ளங்கையில் முத்தம் வைத்தாள்.

இன்று வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 10, திங்கள்

பொழுது தாண்டிவிட்டது. ஜெசிந்தா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

கசிவு நின்றுவிட்டது. வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். மருந்துக்கு நன்றாகக் கேட்கிறது என்றார்.

ஜெசிந்தாவுக்கு மருந்துமில்லை, டாக்டருமில்லை. எல்லாம் நான் ஊற்றிய தண்ணீர்தான். பக்கத்துக் கட்டில்காரி, பெருக்க வருகிற அம்மா, சாப்பாடு கொண்டுவரும் பையன், எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. "இவுக இந்து. ஆனா எம்பிள்ளைக்கு இவுகதான் ஞானஸ்நானம் கொடுத்தாக." அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டது. நான் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிராம். அழுகை மட்டும் நான்கு கிலோ.

ஜூலை 21, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஜெசிந்தா என்னைப் பங்குச்சாமியிடம் கூட்டிப்போனாள். லூர்து ரெக்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். மேசையில் பெரிய பதிவேடு. எங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார், அதை மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம், பிள்ளையின் காரியம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி தலையில பட்டுச்சா?"

"பட்டுச்சு சாமி."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். மூச்சு விடாமல், ஒரு எழுத்துப் பிசகாமல். நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது.

அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "நாங்க படிச்சுப் பட்டம் வாங்கிச் செய்யுறத நீங்க ஒரு நிமிசத்துல செஞ்சிருக்கீங்க. அப்ப இனி தண்ணி ஊத்த வேண்டியதில்ல. ஊத்தவும் கூடாது. திருமுழுக்கு வாழ்க்கையில ஒரு தடவதான். கோயிலுக்குக் கொண்டு வாங்க. எண்ணெய் பூசி, வெள்ளை உடுத்தி, மெழுகுவர்த்தி கொடுத்து, சபைக்குள்ள சேர்த்துக்குவோம். அது போதும்."

"தண்ணியே கெடையாதா?" என்று கேட்டேன்.

"அதான் நீங்க ஊத்திட்டீங்களே."

ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று தேதி குறித்தார். வரும் வழியெல்லாம் ஜெசிந்தா ஏதோ பாடிக்கொண்டே வந்தாள்.

ஜூலை 22, திங்கள்

ஜூன் ஒன்பதாம் தேதிக்குக் கீழே ஒரு வரி எழுதாமல் விட்டிருக்கிறேன். நான் ஊற்றவில்லை.

சிரிஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியின் பக்கவாட்டில் கை விடுகிற ஓட்டையைத் திறந்தேன். உள்ளே என் உள்ளங்கை அளவு தலை. மயிரே இல்லை, நரம்பு மட்டும். சாகக் கிடக்கிற பிள்ளைக்குத்தான் என்று உபதேசியார் சொன்னது காதிலேயே நின்றது. இதை ஊற்றினால், சரி, கொண்டுபோ என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. எவன் கேட்டாலும் எல்லைக்கல்லைப் போய்ப் பார்க்காமல் நான் லேசில் கையெழுத்துப் போட்டதில்லை. என் பிள்ளை விஷயத்திலா போடுவேன்? பத்து நிமிடமும் அப்படியே நின்றுவிட்டு, தண்ணீரை என் அங்கியில் பீச்சித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜெசிந்தாவிடம் பொய் சொல்ல நான் திட்டம் போடவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது. அவள் ஐந்து நாளாகத் தூங்கவில்லை. ஒரு வார்த்தையில் தூங்கினாள். அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு வால் முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்தத் திருமுழுக்கை இரண்டாம் தடவை கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. பாப்பா பிழைத்தால் கோயிலில் சாமியாரே ஊற்றிவிடுவார், அதோடு என் பொய்யும் கழுவிப் போகும் என்று நினைத்திருந்தேன். இப்போது நான் ஊற்றினேன் என்பதற்காகவே யாரும் ஊற்றமாட்டார்கள். எண்ணெய், சட்டை, மெழுகுவர்த்தி எல்லாம் உண்டு, அசல் காரியம் இல்லை. அவள் வாழ்நாள் முழுக்க திருமுழுக்குப் பெற்ற பிள்ளையாக, பெறாமலே வளர்வாள்.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. அப்புறம் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்றும் தெரியவில்லை.

ஜூலை 31, புதன்

சொல்லிவிடலாம் என்று எண்ணியிருந்த நாள். தெருமுனையில் ஒரு கார் நின்றது. வெள்ளை வேட்டி, கையில் தெர்மாகோல் பெட்டி. நான்கு வருடத்துக்குப் பிறகு மரியதொம்மை.

ஜெசிந்தாவின் திருமுழுக்குச் சான்றிதழ் அவர்கள் ஊர்க் கோயிலிலிருந்துதான் வர வேண்டும். அங்கே எழுதிக் கேட்டபோது, அந்த ஊர்ச் சாமியார் காரணத்தை இவரிடம் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா கதவருகிலேயே நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நாலு வருசமா ஒம்ம பேர எவனும் எங்க வீட்டுல சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன் வே." பெட்டியைக் கீழே வைத்தார். "பொறந்ததுலருந்து பூசைக்குப் போற பயலுவளே அந்த நேரம் வந்தா வார்த்தைய மறந்துருவானுவ. நீரு ஊத்தியிருக்கீரு. எம்பேத்திய நீரு அனாதையா விடல."

என்னைக் கட்டிக்கொண்டார். ஐஸ், மீன், சந்தனப் பவுடர் எல்லாம் கலந்து ஒரு வாடை. அவர் தோளுக்கு மேலாக ஜெசிந்தாவைப் பார்த்தேன். கை இரண்டையும் வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் இப்படி அழவில்லை. இவர் வரமாட்டாரா என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப்பார்ப்பாள்.

பெட்டியில் ஒரு முழு நெய்மீன். அதை வெட்டத் தெரியாமல் நான் திண்டாடியதைப் பார்த்து மாமனாரே அரிவாள்மணையை வாங்கிக்கொண்டார். "மாப்ளைக்கு நெலத்த அளக்கத்தான் தெரியும்" என்று சிரித்தார். மாப்ளை என்று சொன்னது அப்போதுதான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பெற்றோர் வகுப்பு. எங்களோடு இன்னும் இரண்டு குடும்பம். உபதேசியார் நடத்தினார். பதினெட்டாம் தேதி கோயில் வாசலில் சாமியார் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்பார்: "இக்குழந்தைக்காகத் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?" மற்றவர்கள் "திருமுழுக்கு" என்று சொல்ல வேண்டும். நாங்கள் அப்படிச் சொல்லக் கூடாது, எங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது. "திருச்சபையில் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறோம்" என்று சொல்ல வேண்டும். பிள்ளையின் தகப்பன் சொல்வது வழக்கம். என்னைச் சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன்.

"சார் எதையும் ஒரு தடவ கேட்டாப் போதும், பிடிச்சுக்குவாரு" என்றார் மற்றவர்களிடம்.

வகுப்பு முடிந்ததும் சாமியாரின் அறைக்குப் போனேன். ஜெசிந்தா பாப்பாவுக்குப் பால் கொடுக்கப் போயிருந்தாள். சாமி, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். திருமுழுக்கு அளித்தவர் என்ற கட்டத்தில் என் பெயர், இசக்கிராஜ். "இந்தப் புஸ்தகத்துல நூத்திப்பத்து வருசமா சாமியார் பேருதான் இருக்கு. மொத மொதலா இசக்கியம்மன் பேரு ஏறியிருக்கு" என்று வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எப்படிச் சொல்வது?

"என்னமோ விஷயம்னு சொன்னீங்களே?"

"சாப்பாட்டுக்கு ஹால் கெடைக்குமான்னு கேக்க வந்தேன்."

கிடைக்கும் என்றார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

குறுக்குவழி ஒன்று தோன்றியது. நானே இப்போது ஊற்றிவிட்டால் என்ன? ஆபத்து இல்லாதபோது வீட்டில் ஊற்றுவது தப்பு, ஆனாலும் ஊற்றிவிட்டால் ஊற்றியதுதான் என்று வகுப்பில் யாரோ கேட்டதற்கு உபதேசியார் சொல்லியிருந்தார்.

பாப்பாவைக் குளிப்பாட்டுவது இப்போது என் வேலை. காலை பத்து மணிக்கு ஜெசிந்தா அடுப்படியில். காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைக் கால்மேல் போட்டு, செம்பில் தண்ணீர் எடுத்தேன். பெர்னதெத் என்றேன். இப்போது வாயில் நன்றாகவே வருகிறது. அவள் என்னைப் பார்த்தாள். இப்போதெல்லாம் பார்க்கிறாள். அடுத்த வார்த்தை வரவில்லை. யாருக்கும் தெரியாமல் இன்றைக்கு ஊற்றி அன்றைக்குக் கணக்குக் காட்டுவது, அளக்காத நிலத்துக்கு வரைபடம் போடுவது மாதிரி. அதை நான் அலுவலகத்தில் செய்திருக்கிறேன். இவளுக்குச் செய்ய மனம் வரவில்லை.

"என்னங்க, தண்ணி ஆறுதுல்லா? சட்டுனு தொவட்டுங்க" என்று உள்ளிருந்து சத்தம். துவட்டினேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் காலுறை. காலுறை பெரிதாக இருந்தது. வேறு அளவு கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

மாமனார் போன் பண்ணினார். வேனில் இருபத்தெட்டுப் பேர் வருகிறார்கள். பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தவர், "அந்தப் பையனை ஒரு தடவ பாத்துரணும்" என்று கிளம்பிவிட்டாராம்.

ஜெசிந்தாவிடம் காலையில் சொல்ல நினைத்தேன், அவள் தையல்காரியிடம் போய்விட்டாள். மதியம் சொல்ல நினைத்தேன், பிரியாணிக்காரர் வந்துவிட்டார். சாயங்காலம் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கப்பா என்கூடப் பேசுதாரு. எல்லாம் ஒங்களாலதான்" என்றாள். வாயைத் திறந்தேன். "தலை வலிக்கு" என்றேன். தைலம் தேய்த்துவிட்டாள்.

கோழை என்பதற்கு வேறு நல்ல வார்த்தை இருந்தால் எழுதலாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கோயில் வாசலில் மூன்று குடும்பமும் வரிசையாக நின்றோம். எங்களுக்குப் பின்னால் வேனில் வந்த கூட்டம். மாமனார் பட்டுச் சட்டை போட்டிருந்தார். ஜெசிந்தாவின் தம்பி கையில் கொளுத்தாத மெழுகுவர்த்தி, அவன்தான் ஞானத்தகப்பன். பாப்பா ஜெசிந்தாவின் கையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாமியார் முதல் குடும்பத்திடம் வந்தார். "இக்குழந்தைக்காகத் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?"

"திருமுழுக்கு."

இரண்டாவது குடும்பம். அந்தத் தகப்பன் ஆட்டோ ஓட்டுகிறவன், பதற்றத்தில் கத்தியே சொல்லிவிட்டான். "திருமுழுக்கு!" எல்லோரும் சிரித்தார்கள்.

என் முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்த்து ஒரு புன்னகை. "என்ன கேட்கிறீர்கள்?"

பாப்பாவைப் பார்த்தேன். ஒரு காலுறை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"திருமுழுக்கு" என்றேன்.

பின்னால் மறுபடியும் சிரிப்பு. மற்றவர்கள் சொன்னதையே வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். உபதேசியார் என் காதருகில் வந்தார். "சார், அது இல்ல. சேர்த்துக்கொள்ளக் கேட்கிறோம்னு சொல்லுங்க." தப்பிக்க அவ்வளவு அழகாக ஒரு வழி எனக்கு யாரும் திறந்து கொடுத்ததில்லை. ஆமாம், மறந்துவிட்டேன் என்றால் முடிந்தது.

"இல்ல சாமி, திருமுழுக்குதான். நான் அன்னைக்கு ஊத்தல."

சிரிப்பு நின்றது. சாமியார் என் பக்கம் குனிந்தார். "வார்த்தையில ஏதும் சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல. ஒரு துளிகூடப் படல. ஊத்தினேன்னு பொய் சொல்லிட்டேன்."

ஜெசிந்தா என் பக்கம் திரும்பவில்லை. பாப்பாவின் காலுறையை இழுத்துச் சரியாக மாட்டினாள், ரொம்ப நேரம் மாட்டினாள். சாமியார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, புத்தகத்தில் வேறு பக்கத்தை எடுத்தார். "சரி" என்றார். "திருமுழுக்கு."

திருமுழுக்குத் தொட்டியருகில் எங்கள் முறை வந்ததும் ஜெசிந்தா பாப்பாவை என் கையில் வைத்தாள். "நீங்க பிடிங்க" என்றாள். அவள் பேசியது அது மட்டும்தான். தலையைத் தாங்கிப் பிடித்தேன். மூன்று தடவை. முதல் தடவையிலேயே விழித்துக்கொண்டு வீறிட்டாள். தண்ணீர் என் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் போனது. என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால், கீழே போட்டுவிடக் கூடாது என்று மட்டும்தான்.

ஹாலில் பிரியாணியை யாரும் குறை சொல்லவில்லை, யாரும் பேசவுமில்லை. மாமனார் சாப்பிடவில்லை. வேனில் எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"ஊரு பூரா சொல்லிட்டேனே மாப்ள" என்றார். வேனில் ஏறிக்கொண்டார். இனி வருவாரா என்று எனக்குத் தெரியாது. மாப்ள என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, ஜெசிந்தா பாப்பாவைத் தூங்க வைத்தாள். நான்கு மணி இருக்கும். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மிஞ்சிய பிரியாணியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவ போயிருந்தா?"

நான் அடுத்த பாத்திரத்தை எடுத்தேன்.

"போயிருந்தா, ஊத்தினேன்னே சொல்லியிருப்பீங்களா? கடைசி வரைக்கும்?"

"ஆமா" என்றேன். இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை.

"நானும் நம்பியிருப்பேன்." பாத்திரத்து மூடியை எடுத்து வெறுமனே துடைத்தாள். "ஏன் ஊத்தல?"

சொன்னேன். ஊற்றினால் போகட்டும் என்று ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது, என் கையால் அதைச் செய்ய முடியவில்லை என்று சொன்னேன். இவ்வளவு நாள் கழித்துச் சொல்லும்போது சின்னக் காரணமாகத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு டாக்டரம்மா என்கிட்டயும் வந்தாங்க" என்றாள். "திருமுழுக்கப் பத்திச் சொன்னேன். சக்கர நாற்காலியில வச்சுக் கூட்டிட்டுப் போகச் சொல்லுதேன், நீங்களே போய் ஊத்துங்கன்னாங்க. எனக்கு எந்திரிக்க முடிஞ்சது. ஆனா முடியாது, வலிக்குன்னு சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க சொன்ன அதே காரணத்துக்குத்தான். அதான் ஒங்கள அனுப்பினேன்."

உள்ளே பாப்பா அழ ஆரம்பித்தாள். இரண்டு பேரும் உடனே எழுந்திருக்கவில்லை.